தாடையை ஆட்டுவது எல்லாக் கருவிக்கும் ஆகாது

‘எந்தத் துளைக்கருவியானாலும் தாடையை ஆட்டினால் வைப்ரேட்டோ (நீண்ட சுரத்தில் வரும் சீரான அலைவு) வந்துவிடும்’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். சாக்ஸபோனுக்குச் சரி. ஃப்ளூட்டுக்கும், ஓபோ, பாசூன் என்ற இரட்டைச் சீவாளிக் கருவிகளுக்கும் அது வழக்கமான முறையே இல்லை; அங்கே வயிற்றுத் தசையும் தொண்டையும் சேர்ந்து மூச்சின் அழுத்தத்தைத்தான் ஏற்றி இறக்குகின்றன. ஃப்ளூட்டில் தாடையை ஆட்டிப் பாருங்கள், காற்று துளையில் படும் கோணம் மாறி சுருதி தள்ளாடும். மேற்கத்திய செவ்வியலில் கிளாரினெட்காரர்கள் பெரும்பாலும் வைப்ரேட்டோவே போடுவதில்லை, அது தனிக்கதை.

இந்த மூச்சு வைப்ரேட்டோவைப் பழக வேண்டுமானால், தாள வேகம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, ஒரே நீண்ட சுரத்தில், நாக்கைப் பயன்படுத்தாமல், அடிக்கு இரண்டு, அப்புறம் மூன்று, நான்கு என்று ‘ஹூ ஹூ’ அழுத்தம் கொடுங்கள். முதலில் விக்கல் மாதிரிதான் கேட்கும். காற்று நடுவில் அறுந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள்.