பைத்தியம் என்று சொல்வதற்கு முன்

எங்காவது போர் மூண்டால் போதும், எதிர்த்தரப்புத் தலைவருக்குப் பைத்தியம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று யோசிக்கச் சொன்னால், 'அவனுக்கு வக்காலத்து வாங்குறியா?' என்று பாய்கிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் வருகிறது. எதிரியை நேசிக்க வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். அடுத்து என்ன செய்வார் என்று கணிக்க வேண்டுமானால் அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதப் போரின் விளிம்பு வரை போன 1962 கியூபா நெருக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைக்காது என்று அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் மதிப்பீடு ஒன்று சொன்னது. அது அவர்கள் வழக்கம் இல்லை, அவ்வளவு பெரிய ஆபத்தை மாஸ்கோ விலைக்கு வாங்காது என்பது வாதம். அந்த நேரத்தில் ஏவுகணைகள் கியூபாவில் இறங்கத் தொடங்கியிருந்தன! எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல. தங்களுக்கு எது ஆபத்தாகத் தெரிந்ததோ அதுவே சோவியத் தலைவர் குருஷேவுக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளும், முந்தைய ஆண்டு அமெரிக்க ஆதரவோடு கியூபாவின் பன்றிகள் வளைகுடாவில் நடந்த படையெடுப்பும் மாஸ்கோவிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதற்குப் போதிய எடை கொடுக்கவில்லை.

அக்டோபர் 27. அமெரிக்க உளவு விமானம் ஒன்று கியூபா மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்திருந்தார். பேசி இந்த ஏவுகணைகளை வெளியே எடுக்க முடியாது என்ற மனநிலைக்கு அமெரிக்க அதிபர் கென்னடி வந்துவிட்டார். அப்போது லூவெலின் தாம்சன் அதிபரின் முகத்துக்கு நேரே மறுத்தார். ஐந்து ஆண்டுகள் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்தவர், மனைவியோடு குருஷேவின் வீட்டிலேயே தங்கிப் பழகியவர். 'கியூபாவைக் காப்பாற்றினேன், படையெடுப்பைத் தடுத்தேன்' என்று சொல்லிக்கொள்ள வழி கிடைத்தால் குருஷேவ் பின்வாங்குவார் என்றார். கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்ற வாக்குறுதி மாஸ்கோவுக்குப் போனது. மறுநாளே ஏவுகணைகளைத் திரும்ப எடுப்பதாக மாஸ்கோ வானொலி அறிவித்தது.

தாம்சன் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல வரவில்லை. துருக்கி ஏவுகணைகளை விட்டுக்கொடுப்பதை அவர் எதிர்த்தார். ஆனால் அவற்றை எடுத்துவிடுவதாக ரகசியமாகக் கொடுத்த வாக்குறுதிக்கும் இந்த முடிவில் பங்கு உண்டு. ஆனாலும் சி.ஐ.ஏ. கோப்புகளில் கிடைக்காத ஒன்று அவரிடம் இருந்தது. குருஷேவுக்கு எது அவமானம், எது கௌரவம் என்று அவருக்குத் தெரியும்.

கியூபத் தலைவர் காஸ்ட்ரோவோடு அப்படிப் பழகியவர் யாரும் கென்னடியின் ஆலோசனை அறையில் இல்லை. அமெரிக்கத் தளபதிகளோ கியூபாவில் படை இறக்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள். போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறிய அணு ஆயுதங்களும் அன்று தீவில் இருந்தன என்பது, அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாராவுக்கு 1992இல் ஹவானா போனபோதுதான் தெரிந்தது. காஸ்ட்ரோவிடமே கேட்டார். படையெடுத்திருந்தால் அவற்றைப் பயன்படுத்தத்தான் சொல்லியிருப்பேன் என்று பதில் வந்தது. கியூபா என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்தேதான் அவர் அதைச் சொன்னார்.