"அனுபவமுள்ளவர்கள் மட்டும்": எந்த அனுபவம்?

நாய்க் காப்பகம் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக வார இறுதி நாள்களில் தன்னார்வலராக வேலை செய்துவருகிறேன். கூண்டுகளைக் கழுவுவதும் நாய்களை நடக்க அழைத்துச் செல்வதும் போக, தத்துக்குக் காத்திருக்கும் நாய்களைப் பற்றிய அறிமுகக் குறிப்புகளை எழுதுவதும் என் பொறுப்பு. அந்தக் குறிப்புகளில் நானே பலமுறை யோசிக்காமல் எழுதிய ஒரு வரியைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன்: "மிகவும் துறுதுறுப்பான நாய், அனுபவமுள்ளவர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும்."

படிப்பதற்குப் பொறுப்பான வரியாகத்தான் தெரியும். ஆனால் அந்த வரியைப் பார்த்ததும் யார் விலகுகிறார்கள், யார் முன்வருகிறார்கள் என்பதைக் கவனித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. நிதானமும் நேரமும் கற்றுக்கொள்ளும் மனமும் உள்ளவர்கள், "நமக்கு அவ்வளவு தெரியாதே" என்று தயங்கி அடுத்த நாயின் படத்துக்குப் போய்விடுகிறார்கள். தமக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்புகிறவர்களோ அன்றைக்கே வந்து நிற்கிறார்கள். வடிகட்டி என்று நினைத்து நாம் வைத்தது, நல்லதைக் கீழே விட்டுவிட்டுச் சக்கையை மேலே நிறுத்திக்கொள்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தவள் மின்னி. காப்பகத்துக்கு வந்தபோது அவளுக்கு ஏறக்குறைய பத்து மாத வயது இருக்கலாம் என்று மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார். ஒல்லியான உடம்பு, நீண்ட கால்கள், நிற்கத் தெரியாத வால். கூண்டின் முன்னால் யார் நின்றாலும் கம்பிக் கதவின் மேல்விளிம்பு வரை எகிறுவாள். வாரைக் கழுத்தில் மாட்டிய நொடியில் அதையே வாயால் கவ்விக்கொண்டு இழுபறி ஆட்டத்தைத் தொடங்கிவிடுவாள். என்னிடம் இருந்த மூன்று சட்டைகளின் கைப்பகுதியில் அவளுடைய பல் போட்ட ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. அவை கோபத்தில் கடித்த கடிகள் அல்ல. மகிழ்ச்சி அளவு மீறியபோது வாய்க்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டதால் வந்தவை. அந்த வேறுபாட்டைச் சொல்லித் தர வேண்டிய இடத்தில்தான் நான் "அனுபவமுள்ளவர்கள் மட்டும்" என்று எழுதி முடித்துக்கொண்டேன்.

அந்த வயதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாய்க்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை, இரண்டு வயது வரை விடலைப் பருவம். பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்று 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஐந்து மாத வயதில் "உட்கார்" என்றால் உட்கார்ந்த நாய்கள், எட்டு மாத வயதில் தம்மை வளர்ப்பவர் அதே சொல்லைச் சொன்னபோது முன்புபோல் கேட்கவில்லை. பழக்கமில்லாத ஒருவர் சொன்னபோது அந்த இறக்கம் தென்படவில்லை. வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. "நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று அடங்காமல் போய்விட்டது" என்று சொல்லி எங்களிடம் கொண்டுவந்து விடப்படும் நாய்களில் பல, இந்த வயதில் இருப்பவைதான். பருவம் தானாகக் கடந்துபோகும். ஆனால் அது கடந்துபோகும் மாதங்களை ஒரு நாய் கூண்டுக்குள் கழித்தால், கூண்டு கற்றுத்தரும் பாடங்களே அதன் குணமாகப் படியத் தொடங்கும். எகிறும்போதுதான் பார்வையாளர்கள் நின்று பார்க்கிறார்கள், குரைக்கும்போதுதான் யாராவது திரும்புகிறார்கள் என்றால், எகிறுவதையும் குரைப்பதையும் அது ஏன் விட வேண்டும்?

மின்னியை முதலில் அழைத்துச் சென்றவர், சிறு வயதிலிருந்து நான்கு நாய்களை வளர்த்தவர். விண்ணப்பப் படிவத்தில் அனுபவத்துக்கான கட்டம் நிரம்பி வழிந்தது; எங்களுக்கும் மகிழ்ச்சி. பதினோராம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டில் யார் தலைமை என்பதை நாய்க்கு உணர்த்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதற்காக அவள் தாவும்போதெல்லாம் மல்லாக்கப் புரட்டி, அசைவு நிற்கும் வரை தரையோடு அழுத்திப் பிடித்திருக்கிறார். ஒன்பதாம் நாள் அவரைப் பார்த்து உறுமினாள். "இந்த நாய் ஆபத்தானது" என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். அவருடைய கொள்கைக்கு வேர், கூட்டத்தை அடக்கி ஆளும் தலைமை ஓநாய் ஒன்று இருக்கும் என்ற பழைய கருத்து. அது 1947இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ப் ஷெங்கல், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, 1999இல், காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்றும், அங்கே பதவிச் சண்டைக் கதை பொருந்தாது என்றும் எழுதினார். அதற்குப் பிறகும் அந்தப் பழைய கருத்து வீடுகளில் உயிரோடு இருக்கிறது. நான்கு நாய்களை வளர்த்த அனுபவத்தோடு சேர்ந்தே இருக்கிறது. அந்த நான்கும் சாதுவான நாய்களாக அமைந்துவிட்டதால், அது தவறு என்று அவருக்குக் காட்ட ஒரு நாயும் வாய்க்கவில்லை. மின்னி திரும்பி வந்த பிறகு பல வாரங்களுக்கு, தோளின் மேலாக யாருடைய கை நீண்டாலும் பதற்றத்தில் முகத்தைத் திருப்பி உதட்டை நக்கிக்கொண்டாள். முன்பு அவளிடம் அந்தப் பழக்கம் இல்லை.

இரண்டாவதாக வந்தவர்கள் ஓட்டப் பயிற்சியில் ஈடுபாடுள்ள ஓர் இளம் தம்பதி. துறுதுறுப்பான நாய்க்கு இதைவிடப் பொருத்தமான வீடு உண்டா என்று நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். காலையிலும் மாலையிலும் அவளை அழைத்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு மாதத்தில் மின்னியின் துறுதுறுப்பு குறையவில்லை. அவளுடைய தெம்புதான் கூடியது. முதல் வாரம் அரை மணி நேர ஓட்டத்தில் களைத்தவளுக்கு, எட்டாம் வாரம் ஒன்றரை மணி நேரமும் போதவில்லை. அலுவலகத்தில் வேலை நெருக்கிய ஒரு வாரத்தில் ஓட்டம் தடைப்பட்டது. சோபாவின் ஒரு பக்கம் காணாமல் போனது. அழுதுகொண்டே கொண்டுவந்து விட்டார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். "நிறைய உடற்பயிற்சி தேவை" என்று குறிப்பில் எழுதியவன் நான்தான். அவளுக்கு ஓடத் தெரியும், அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சும்மா இருக்கத்தான் தெரியாது.

மூன்றாவதாக வந்தவர் பணி ஓய்வு பெற்ற ஓர் அம்மா. ஒரே ஒரு நாயை வளர்த்தவர். அதுவும் காப்பகத்திலிருந்து சென்ற, அந்நியரைக் கண்டால் குரைத்துத் தீர்க்கும் நாய். பதின்மூன்று ஆண்டுகள் அவருடன் இருந்து முதுமையில் இறந்துபோனது. படிவத்தின் அனுபவக் கட்டத்தில், "முதல் இரண்டு ஆண்டுகள் பல தவறுகள் செய்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். உண்மையைச் சொன்னால், எங்களில் பாதிப் பேர் அவருக்குக் கிழட்டு நாய் ஒன்றைக் காட்டலாம் என்றுதான் நினைத்தோம்.

அவர் மின்னியைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது.

"இவ எப்ப தூங்குறா, தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. எத்தனை முறை நடக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், எந்த நாயோடு ஒத்துப்போகிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறத்தாழ பாதி நேரம் தூங்க வேண்டும். நாற்பது நாய்கள் மாறி மாறிக் குரைக்கும் கொட்டகையில் அவள் எப்போது தூங்குகிறாள் என்பதை ஐந்து ஆண்டு அனுபவமுள்ள நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன்: ஓரிரு இரவுகள் தற்காலிகமாக ஒரு வீட்டில் தங்கவைத்த நாய்களுக்கு, மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் சுரப்பு குறைந்திருக்கிறது, இடைவிடாத நீண்ட ஓய்வு அந்த வீடுகளில்தான் அவற்றுக்குக் கிடைத்திருக்கிறது. காப்பகத்துக்குத் திரும்பியதும் அளவு பழைய நிலைக்கு ஏறிவிட்டது. நாம் "ஆற்றல்" என்று எழுதுவதில் எவ்வளவு பங்கு தூக்கமின்மை என்று அன்றிலிருந்து சந்தேகப்படத் தொடங்கியிருக்கிறேன்.

பிறகு அந்த அம்மா கூண்டின் பக்கவாட்டில், கதவுக்கு முதுகைப் பாதி காட்டியபடி தரையில் உட்கார்ந்துகொண்டார். மின்னி எகிறினாள், அவர் பார்க்கவில்லை. குரைத்தாள், அவர் தன் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். எகிறி இறங்கிய ஒரு நொடியில் நான்கு கால்களும் தரையில் பட்டன. அவருடைய கை மட்டும் பின்னால் வந்து, கம்பியின் அடியில் ஒரு சிறு தீனித் துண்டைப் போட்டது. அவள் தின்றாள், மறுபடி எகிறினாள். கை வரவில்லை. நின்றாள், வந்தது. இருபது நிமிடம் போயிருக்கும். மின்னி கதவை ஒட்டி உட்கார்ந்து, மூக்கை மட்டும் கம்பிகளுக்கிடையில் நீட்டிக்கொண்டு, அவருடைய சேலையின் மடிப்புகளை மோந்துகொண்டிருந்தாள். அவள் அவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. இதைச் செய்ய ஓட்டமும் வேண்டியிருக்கவில்லை, பலமும் வேண்டியிருக்கவில்லை. எந்த நொடியைக் கவனிக்க வேண்டும், எந்த நொடியைப் பார்க்காததுபோல் விட வேண்டும் என்ற கண் வேண்டியிருந்தது. அந்தக் கண் ஒரு நாயால் வந்தது. நான்கு நாய்களால் வராமல் போனது.

மின்னி அங்கே போய் இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. முதல் மூன்று வாரம் அவர் அவளை வீட்டைச் சுற்றியுள்ள இடத்தைத் தாண்டி எங்கும் அழைத்துச் செல்லவில்லை, விருந்தினரையும் வரவிடவில்லை. பிறகு நீளமான கயிற்றில் மெல்ல நடை. எங்கே மோந்து நின்றாலும் அவரும் நின்றாராம். அரை மணி நேரத்தில் இருநூறு அடி தாண்டாத நாள்களும் உண்டு என்றார். இன்னமும் வாசல் மணி அடித்தால் அவள் எகிறுகிறாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே தத்து கொடுக்கும் இடங்களில் இருப்பவர்களிடம் என் கோரிக்கை இதுதான். "எத்தனை நாய் வளர்த்திருக்கிறீர்கள்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "உங்களைத் திணறவைத்த நாயைப் பற்றிச் சொல்லுங்கள், அப்போது என்ன செய்தீர்கள்" என்று கேளுங்கள். திணறவே இல்லை என்பவரிடம் இன்னும் கொஞ்சம் பேசுங்கள். நாய் வாரைக் கவ்வினால் என்ன செய்வீர்கள், தொடர்ந்து மூன்று நாள் வெளியே அழைத்துச் செல்ல முடியாமல் போனால் யார் இருக்கிறார்கள், பகலில் எத்தனை மணி நேரம் வீடு பூட்டியிருக்கும் என்று கேளுங்கள். குறிப்பில் குணத்தை எழுதாமல் செயலை எழுதுங்கள். "அடங்காதது" என்பதைப் படிக்கிறவர் தன் பயத்துக்கு ஏற்றபடி கற்பனை செய்துகொள்வார். "வெளியே கிளம்பும் முதல் ஐந்து நிமிடம் வாரைக் கவ்வி இழுக்கும், வாயில் ஒரு கயிற்றுப் பொம்மை கொடுத்தால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும்" என்பதைப் படிக்கிறவர் தன்னால் முடியுமா என்று கணக்குப் போடுவார். முடிந்தால், கூண்டுக்கு வெளியே இரண்டு இரவு ஒரு தற்காலிக வீட்டில் தங்கவைத்து, அங்கே அது எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தளர்வு கூடாது. மனிதரைக் காயப்படும்படி கடித்த வரலாறு உள்ள நாய்க்கும், பயத்தால் பாயும் நாய்க்கும், அத்தகைய நாய்களோடு முறையாகப் பழகியவர்கள்தான் வேண்டும்; அதை இனிப்பாக எழுதி மறைப்பது நாய்க்கும் துரோகம், அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் துரோகம். என் வருத்தமே, உற்சாகம் மிகுந்த நாயையும் ஆபத்தான நாயையும் ஒரே வரியில் அடைத்துவிடுகிறோம் என்பதுதான். எல்லாவற்றுக்கும் அதே வரி என்றால், உண்மையிலேயே எச்சரிக்கை தேவைப்படும் இடத்தில் அந்த வரியை யார் பொருட்படுத்துவார்கள்?

இப்போது எங்களிடம் சுட்டி என்று ஓர் ஆண் நாய் இருக்கிறது. அதற்கு நேற்று நான் எழுதிய குறிப்பு இது: "வயது ஏறக்குறைய 14 மாதம். கூண்டு கழுவுபவரின் கையுறையைத் திருடிக்கொண்டு ஓடுவான். துரத்தினால் தர மாட்டான், தரையில் தீனி ஒன்றைத் தூவினால் கையுறையைக் கீழே போட்டுவிட்டு வருவான். ஆளைக் கண்டால் தாவுவான். ஆகையால் தத்தித் தத்தி நடக்கும் குழந்தை உள்ள வீடு இப்போதைக்கு வேண்டாம். யாரையும் கடித்ததில்லை. தற்காலிக வீட்டில் முதல் இரவு பதினொரு மணி வரை நடந்துகொண்டே இருந்தான். இரண்டாம் நாள் மதியம் நான்கு மணி நேரம் அசையாமல் தூங்கினான். இதற்கு முன் நாய் வளர்க்காதவர்களும் வந்து பேசலாம். ஆனால் ஒரே நாளில் முடிவெடுக்காமல், அவனோடு நடப்பதற்கு மூன்று முறையாவது வர வேண்டும்."

இன்று காலை வரை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், அவன் எந்தப் பக்கமாகப் படுத்துத் தூங்குவான் என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை முதல் நடைக்கு வருகிறார்.