எஃகுக்கு மாறினால் ஒத்ததிர்வு ஓடிவிடாது
மின்விமான பேட்டரியின் அதிர்வுச் சோதனைக்கான ஃபிக்சரை, அதாவது பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் தாங்கியை, அலுமினியத்துக்குப் பதில் எஃகில் செய்தால் ஒத்ததிர்வுத் தொல்லையே (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிர்வு பெருகிப்போவது) இருக்காது என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படி நடக்காது. எஃகுக்கு விறைப்பு சுமார் மூன்று மடங்கு, சரி. அடர்த்தியும் கிட்டத்தட்ட அதே மூன்று மடங்கு ஆயிற்றே! ஒத்ததிர்வு எழும் இயல் அதிர்வெண்ணை முடிவு செய்வது இரண்டின் விகிதம்தான். ஆகவே வடிவம் ஒன்றாக இருந்தால், வெறும் ஃபிக்சர் எஃகிலும் அலுமினியத்திலும் ஏறக்குறைய அதே அதிர்வெண்ணில்தான் ஒத்ததிரும், மெக்னீசியமும் விலக்கல்ல.

கனமான பேட்டரியை ஏற்றிய பிறகு எஃகுக்குக் கொஞ்சம் ஆதாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதிர்வைத் தரும் இயந்திரமான ஷேக்கரின் விசைக்கு வரம்பு இருக்கிறது. கூடுதல் எடை அதைத்தான் தின்னும். விமானக் கருவிகளுக்கான டிஓ-160 தரத்தின் சீரற்ற அதிர்வுச் சோதனை 2000 ஹெர்ட்ஸ் வரை போகிறது. அதனால் இயல் அதிர்வெண்ணை முடிந்தவரை உயர்த்த, முதலில் ஃபிக்சரின் உயரத்தைக் குறையுங்கள், விறைப்பூட்டும் விலா வையுங்கள், போல்ட்டுகளை நெருக்கமாகப் போடுங்கள். உலோகத்தை மாற்றுவது அப்புறம்.