புராஜெக்ட் ஜெயிக்க உழைப்பு எத்தனையாவது இடம்?

சாஃப்ட்வேர் புராஜெக்ட் சொதப்பினால் முதலில் வருகிற கேள்வி, "டீம் சரியா உழைக்கலையோ?" என் பட்டியலில் உழைப்புக்குக் கடைசி இடம். கோபப்படாதீர்கள், எட்டு மாதம் ராப்பகலாக உழைத்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒரு ஆலைக்கு எடைமேடை சாஃப்ட்வேர் செய்தோம். தேவைகளைச் சொன்னவர் டெஸ்பாட்ச் மேனேஜர். லாரி காலியாக வரும், எடை போட வேண்டும். சரக்கு ஏற்றியதும் மறுபடி எடை. கழித்தால் கணக்கு முடிந்தது. அவர் சொன்னபடியே எழுதினோம். டெஸ்டிங்கில் ஒரு குறை இல்லை. கோ-லைவ் அன்று, அதாவது ஆலையில் நிஜமாகவே ஓட ஆரம்பித்த நாளில், முதல் லாரி மூலப்பொருளோடு வந்து மேடையில் ஏறியது. சிஸ்டம் காலி எடையைக் கேட்டது. எடை போடுகிற அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்: "தம்பி, இறக்கினாத்தானே காலியாகும்?"

பின்னால் நாலு லாரி ஹாரன் அடிக்க, அவர் பழைய நோட்டை எடுத்துவிட்டார். மேனேஜர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததெல்லாம் வெளியே போகிற லாரிதான். அந்த அண்ணனிடம் அரை மணி நேரம் பேச எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதனால் என் பட்டியலில் முதலிடம், சாஃப்ட்வேரைப் பயன்படுத்தப் போகிறவருக்கு. அமெரிக்காவில் ஸ்டாண்டிஷ் குழுமம் என்கிற ஆய்வு நிறுவனம், புராஜெக்ட் ஜெயிக்க எது காரணம் என்று 1994-இல் 365 ஐ.டி. மேலாளர்களைக் கேட்டு ஒரு பட்டியல் போட்டது. அதிலும் பயனரின் பங்கேற்புதான் முதலிடம், 15.9 சதவீதம். கடினமாக உழைக்கும் ஊழியர்கள் பத்தாவது இடம், 2.4 சதவீதம்! (மேலாளர்கள் போட்ட பட்டியல், அதையும் மறக்க வேண்டாம்.)

அதில் இரண்டாவதாக வருவது மேலிடத்தின் ஆதரவு. நான் அதை, முடிவெடுக்கிற ஒரே ஆள் கடைசிவரை இருப்பது என்று மாற்றிச் சொல்வேன். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளுக்காகத் தொடங்கிய சாஃப்ட்வேரை சுமார் 17 கோடி டாலர் செலவழித்த பிறகு 2005-இல் கைவிட்டது. தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன, பொறுப்பில் இருந்த அதிகாரிகளும் மாறிக்கொண்டே இருந்தார்கள். யாரைப் பிடித்து "இது போதும், நிறுத்து" என்று சொல்ல வைப்பது?

என் பட்டியலில் மூன்றாவது, சாஃப்ட்வேரைச் சின்னச் சின்னதாகக் கொடுப்பது. இரண்டாம் மாதமே ஒரு திரையை மேடையில் வைத்திருந்தால் எங்கள் மானம் தப்பியிருக்கும். எந்த புரோகிராமிங் மொழி, ஜாவாவா, பைத்தானா என்கிற சண்டையெல்லாம் அப்புறம்.

அடுத்த புராஜெக்ட்டின் எஸ்டிமேட்டில் "பயனர்களோடு இரண்டு நாள்" என்று ஒரு வரி சேர்த்தேன். தொகையைக் குறைக்கச் சொன்னார்கள். முதலில் வெட்டியது அந்த வரியைத்தான்.