ஒரே நாளில் ஆறு இடம்: திருகோணமலை வான் பயணங்கள் பற்றி

"பயணம் மனுசனை மாத்தும்" என்று படத்துக்குக் கீழே எழுதுகிறவர்கள் கூடிவிட்டார்கள். மாற்றலாம். ஆனால் விடிய நாலு மணிக்கு யாழ்ப்பாணத்தில் வான் எடுத்து, கோணேஸ்வரம், கன்னியா, உப்புவெளி, நிலாவெளி, புறாத்தீவு, மார்பிள் பீச் எல்லாம் முடித்து இரவோடிரவாக வீடு திரும்பும் பயணம் நாரிப்பிடிப்பைத் தவிர ஒன்றும் தராது.

கணக்கைப் பாருங்கள். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வர ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. இடையில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டல், பின்சீற்றில் யாருக்காவது சத்தி. காலைச் சாப்பாடும் முடித்து, பிரெட்ரிக் கோட்டை வாசல் தாண்டி, கோணேஸ்வரம் இருக்கும் சுவாமிமலை ஏறும்போது உச்சி வெயில். செருப்புக் கழற்றிய காலில் கல் சுடும், உச்சிக்காலப் பூசை முடிந்து நடையும் சாத்தியிருக்கும். மலைப்பிளவான இராவணன் வெட்டில் அவசரமாக ஒரு படம். பிறகு புறாத்தீவுப் படகுக்கு நிலாவெளிக்கு ஓடினால், பின்னேரக் காற்றெழுந்து தண்ணீர் கலங்கியிருக்கும். "ஒண்டும் தெரியேல்லை" என்று படகுக்காரரோடு சண்டை. அவர் என்ன செய்வார், பாவம்?

புறாத்தீவுக்கு முதல் நாளே வந்து தங்கி, காலையில் வெளிக்கிடும் முதல் படகில் போக வேண்டும். ஏறக்குறைய மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான் இந்தப் பக்கக் கடல் அமைதி. நவம்பர், டிசம்பர் வாடைக்கடலில் அந்த ஆசையே வேண்டாம். தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் அந்த மே–செப்டெம்பர் மாதங்களில் கரையோரம் குளம்போலக் கிடக்கும், அதுதான் ஆளை ஏமாற்றுவது. கச்சான் தரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. காற்றடித்த ரியூப்பில் படுத்திருக்கும் பிள்ளை, பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருக்கையிலேயே ஆழத்துக்குப் போய்விடும். கயிறு கட்டாமல், இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் பிடித்து நிற்காமல் விடாதீர்கள்.

நீருக்குள் பார்க்கும் மாஸ்க்கை வாடகைக்கு எடுக்கும்போது பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. மீசை, தலைமயிர் இடையில் அகப்பட்டால் தண்ணீர் கசியும். கண்ணாடியின் உட்பக்கம் துப்பித் தேய்த்து அலம்பினால் புகாராது. இதையெல்லாம் செய்தும் முதல் சில நிமிடத்தில் பலருக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சைக் குறுக்கி எடுப்பார்கள், கால் நிலம் தேடும். அங்கே நிலம் என்று மிதிப்பது பவளம். உருண்டைப் பாறைபோல இருக்கும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும்; ஒரு மிதியில் எத்தனை ஆண்டு போகும் என்று பாருங்கள். கால் எட்டும் மணலிலேயே முகத்தை அமிழ்த்தி, மூச்சை நீட்டி விட்டுப் பழகியபின் லைஃப் ஜாக்கெற்றோடு உள்ளே போங்கள். கையைக் காலை அடிக்காமல் மிதந்தால், கலைந்த மீன்கள் மெல்லத் திரும்பி வரும். கருமுனைச் செட்டைச் சுறாக்கூட ஒதுங்கித் தன்பாட்டில் போகும். பொறுமையைப் பற்றி நூறு பேச்சுக் கேட்டவர்களும் இதை உடம்பால் ஒருதரம் செய்து பார்க்க வேண்டும்.

கன்னியா வெந்நீரூற்று வேறு மாதிரி. ஏழு கிணறும் ஒரே சூடல்ல. உள்ளே இறங்கக் கூடாது, வாளியால் மொண்டு ஊற்ற வேண்டும். சூடு குறைந்ததில் தொடங்கிக் காலுக்கு முதலில் ஊற்றுங்கள். சனம் கூடிய நாளில் நீர்மட்டம் இறங்கி வாளி அடியில் உரசும், ஊறும்வரை நில்லுங்கள். பக்கத்தில் அந்தியேட்டிக்கு வந்த குடும்பம் நிற்கலாம். தாய்க்கு இராவணன் ஈமக்கடன் செய்த இடம் என்ற நம்பிக்கையில் வருகிறவர்கள். அவர்களுக்கு நடுவே கூச்சல் போட்டு வீடியோ எடுப்பதைவிட, வாளியைக் கொடுத்து ஒதுங்கத் தெரிவது பெரிய படிப்பு.

வானை விட்டு பஸ்ஸில் ஏறினால்தான் ஊர் வாய் திறக்கும். நிலையத்தில் "இது மூதூர் போகுமா?" என்று கேட்காதீர்கள்; மரியாதைக்கே சிலர் "ஓம்" சொல்வார்கள். "மூதூருக்கு முதல்ல வெளிக்கிடுறது எது?" என்றால் சரியான பதில் வரும். கிண்ணியாப் பக்கம் பஸ்ஸில் இருப்பவரை "நானா" (அண்ணன்) என்று கூப்பிட்டுக் கேட்டால் இறங்குமிடத்தை அவரே சொல்லி நிற்பாட்டுவார். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாத் துறையில் "பாதை" என்ற மிதவைப் படகுக்குக் காத்து நின்றார்கள். அந்த இடைவெளியில் முன்பின் தெரியாதவர்கள் கதைத்தார்கள். பாலம் நல்லதுதான், கதை குறைந்துபோயிற்று.

மூதூர்ப் பக்கக் கொட்டியாரக் குடாவில்தான், கப்பல் பழுதுபார்க்க ஒதுங்கிய ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். 1679இல் தப்பும்வரை கண்டி இராச்சியத்தில் தொப்பி பின்னி விற்று, நெல் வட்டிக்குக் கொடுத்துப் பிழைத்தவர், 1681இல் வெளிவந்த நூலில் உழவையும் சாப்பாட்டையும் அவ்வளவு நுணுக்கமாக எழுதினார். கப்பல் பழுது முடிந்து உடனே போயிருந்தால் துறைமுகத்தின் ஆழத்தைத்தான் எழுதியிருப்பார். யாரும் சிறைப்படச் சொல்லவில்லை, இரண்டு இரவாவது நில்லுங்கள் என்கிறேன்.

லீவு இல்லையென்றால் ஒரு இரவு, இரண்டே இடம். வந்த நாள் பின்னேரம் நடை திறந்தபின் கோணேஸ்வரம், மறுநாள் காலையில் புறாத்தீவு. கோட்டைக்குள் மான்களுக்குப் பொலித்தீனோடு எதையும் நீட்டாதீர்கள். உப்புருசிக்குப் பையையும் விழுங்கி, வயிறு அடைத்துச் சாகின்றன. இரவு ஓட்டத்தை அடியோடு விடுங்கள். ஹொரவப்பொத்தானை வீதியில் யானை குறுக்கே நிற்கும், விடிய நாலு மணியிலிருந்து ஓடுகிற டிரைவருக்குக் கண் சொக்கும். உங்களுக்கு எடுக்கும் அறையோடு அவருக்கும் ஒரு கட்டில், ஒரு ஃபேன் கேட்டு எடுங்கள்.