எட்டு மணிக்கு மேல ஒண்ணும் குடுக்காதீங்கன்னு மூணு தடவ சொன்னேனே!

இன்னைக்குக் காலையில ஏழரைக்கு வாட்ஸ்அப்ல வருது: "குட்டி நல்லா இருக்கா மா? பால் குடுத்தீங்களா?"

பாலாம்! எனக்கு நாய்க்குட்டி வித்த அந்த மனுஷன்கிட்டேருந்து இன்னொரு தடவ அந்த வார்த்தை வந்துச்சுன்னா எனக்கு என்ன வருமோ தெரியாது. நேத்து ராத்திரி பூரா தூங்காம உக்காந்திருந்தவளுக்கு இந்தக் கேள்வி!

இங்க மலேசியாவுல, அவர் இருக்கிற காஜாங்லேருந்து எங்க பினாங்கு ஆயர் ஈத்தாமுக்கு 350 கிலோமீட்டருக்கு மேல. சும்மா தூக்கிட்டு வர்ற தூரமா அது? முன்கூட்டியே கிளினிக் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். குட்டிக்குக் காதுக்குள்ள நிதானம் காக்குற பகுதி இன்னும் சரியா வளந்திருக்காது, அதனால காடி (கார்) ஓடினா எச்சி வடியும், வாந்தி வரும். கிளம்புறதுக்கு மூணு மணி நேரத்துக்கு முன்ன கொஞ்சமா ஊட்டிட்டு நிறுத்திடணும்னு சொன்னாங்க. இத அந்த அண்ணன்கிட்ட அப்படியே சொன்னேன். வியாழக்கிழமை ஒரு தடவ, வெள்ளி ராத்திரி ஒரு தடவ, சனிக்கிழமை விடியக்காலம் கிளம்பி ஈப்போகிட்ட வரும்போது இன்னொரு தடவ. "எட்டு மணிக்குக் கொஞ்சமா குடுங்கண்ணே, அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம், பதினோரு மணிக்குக் கிளம்பிடுவோம்." மூணு தடவையும் "சரி மா, சரி மா."

பத்தே முக்காலுக்குக் கேட்டுக்குள்ள நுழையுறோம். அவர் சம்சாரம் மடியில குட்டி மல்லாக்கப் படுத்திருக்கு. வாயில பால் புட்டி. முக்கால் புட்டி காலி! வயிறு தம்பட்டம் மாதிரி உப்பி நிக்குது. நான் செருப்பக் கூட கழட்டல.

"அண்ணே, என்னண்ணே இது?"

"பாவம் மா, வாயில்லா ஜீவன். பசியோட அனுப்பலாமா?"

என்ன பாலுன்னு கேட்டேன். டின் பால். தேத்தண்ணிக்கு ஊத்துற அதே டின் பாலச் சுடுதண்ணியில கலக்கிக் குடுத்திருக்காங்க! சாதாரண மாட்டுப் பாலே குட்டி வயித்துக்கு ஒத்துக்காம கழிஞ்சிடும், இதுல சீனிப் பாகு வேற.

"வாந்தி எடுக்கும்ணே."

"எடுத்தா துடைச்சிக்கலாம் மா. நாய்தானே."

அதே வாய். ஒரு நிமிஷம் கூட ஆகல. பால் குடுக்கும்போது வாயில்லா ஜீவன், வாந்தி எடுக்கும்போது நாய்தானே. இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல அந்த உயிருக்கு என்ன ஆகும்னு ஒரு கணம் கூட அவருக்குத் தோணல. எத்தன தடவ யோசிச்சுப் பாத்தாலும் அந்த "தானே"வுலதான் எனக்கு உடம்பு எரியுது.

சரி, செரிக்கட்டும், மூணு மணி நேரம் இங்கயே இருந்துட்டுப் போறோம்னேன். பன்னெண்டு மணிக்குக் கல்யாணத்துக்குப் போகணுமாம், கேட்டப் பூட்டணுமாம். காடி ஓட்டுற என் தம்பிக்கோ அன்னைக்கு ராத்திரி ஷிஃப்ட்டு.

இன்னொண்ணும் கேட்டிருந்தேன். ரெண்டு நாளைக்கு முன்ன ஒரு பழைய துணியத் தாய் நாய் படுக்குற இடத்துல போட்டு வைங்க, அந்த வாசனை கூட இருந்தா குட்டி வழியில அழாதுன்னு. துணி தந்தார். மூக்குல வெச்சா சோப்பு வாசம்! "நல்லாத் தொவைச்சி வெச்சிருக்கேன் மா"ங்கறார். தாயோட வாசனையத் தொவைச்சி எடுத்துட்டு வெறுந்துணிய என் கையில குடுத்திருக்கார். தடுப்பூசி அட்டையில ஒரு முத்திரை இல்ல. "ரெண்டு மாசம் ஆச்சு, ஊசிய அங்க போய்ப் போட்டுக்குங்க"ன்னு முந்நூறு வெள்ளிய (ரிங்கிட்) எண்ணி வாங்கிக்கிட்டார்.

ரவாங் தாண்டல, முதல் வாந்தி. தஞ்சோங் மாலிம்கிட்ட வயித்தால போக ஆரம்பிச்சிடுச்சு. தாப்பா ஆர் அண்ட் ஆர்ல (ஹைவே ஓய்விடம்) நிறுத்தினோம், ஆனா கீழ விட முடியாது. ஊசி போடாத குட்டிய ஊர் நாய் எல்லாம் நடமாடுற மண்ணுல விட்டா பார்வோங்கற வைரஸ் நோய் ஒட்டிக்கும். அந்தக் கிருமி மாசக்கணக்குல மண்ணுலயே உயிரோட கிடக்கும். அதனால சாப்பாட்டுக் கடைங்க பக்கம் போகாம, கடைசி மரத்தடியில காடியப் போட்டு, பின்னால சாமான் வெக்கிற டிக்கியத் தொறந்து பேப்பர் விரிச்சி, அதும்மேல குட்டிய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு நின்னேன். நடுங்குது. என் கட்டை விரல நக்குது. அந்த நிலையிலயும் நக்குது.

அப்புறம் ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறுற அந்த வளைவுங்க. வயித்துல ஒண்ணுமே இல்ல, வெறும் நுரை. சுங்கை பேராக் வந்து சேரும்போது தலை தொங்கிடுச்சு, ஈறு வெளுத்துப் போச்சு. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "ரத்தத்துல சர்க்கரை இறங்குது, உடனே தேனோ சீனித்தண்ணியோ ஈறுல தடவுங்க"ன்னாங்க. தம்பி ஓடிப் போய் தேன் வாங்கிட்டு வந்தான். விரல்ல தொட்டுத் தொட்டுத் தடவினேன். கண்ணத் தொறக்கிற வரைக்கும் நான் வேண்டாத சாமி இல்ல.

ஜூருவுல ஜாம். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், எத்தன வருஷமா போய் வர்றேன், அன்னைக்கு மாதிரி நீளமா இருந்ததே இல்ல. கிளினிக்ல எங்களுக்காகக் கதவப் பூட்டாம வெச்சிருந்தாங்க. சொட்டு மருந்து ஏத்திட்டு, வாயத் தொறந்து பாத்துட்டுச் சொன்னாங்க: "பின்பல்லு இன்னும் முழுசா வரல. ஆறு வாரம் கூட ஆகியிருக்காது." எட்டு வாரமாவது தாய்கூட இருக்க வேண்டிய குட்டி! ரெண்டு மாசம்னாரே, பொய்! கல்யாணத்துக்கு நேரமாச்சுங்கற அவசரத்துல சொன்ன பொய் இல்ல, அட்டையில பொறந்த தேதிய அவர் கையாலயே எழுதி வெச்சிருக்கார்.

இந்த நாட்டுல 2015லயே விலங்கு நலச் சட்டம் போட்டாச்சு. கொடுமை பண்ணினா 20,000 வெள்ளியிலேருந்து 1,00,000 வெள்ளி வரைக்கும் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் சிறை. அடிச்சாத்தான் கொடுமைன்னு நெனைக்கிறாங்க. புட்டியப் புடிச்சிக்கிட்டு அன்பா சிரிச்சிக்கிட்டே செஞ்சா?

மெசேஜுக்கு இன்னும் பதில் போடல. நாலு தடவ எழுதி நாலு தடவயும் அழிச்சிட்டேன். மிளகு (கறுப்பா குட்டியா இருக்கிறதால அந்தப் பேரு) இப்பத்தான் கொஞ்சம் கஞ்சி நக்கிட்டு என் பழைய கைலிக்குள்ள சுருண்டு கண் அசந்திருக்கு. ரெண்டு நாள்ல முதல் தடவையா நிம்மதியா மூச்சு விடுது.

அதுக்குள்ள எதிர் வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிள வெளிய எடுக்கிறான். எங்க தாமான் (குடியிருப்பு) முழுக்க அதிருது. தம்பி, எக்ஸாஸ்ட்ட மாத்துப்பா, மாத்துப்பான்னு உங்கம்மாகிட்டயும் சொல்லியாச்சு, உங்கிட்டயும் சொல்லியாச்சு. இப்ப பாரு, முழிச்சிடுச்சு!