நோவு வந்தால்தான் கிளினிக்குக்குப் போவதென்றால்

மாதவிடாய் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்பே வயிறு பொருமுவதும் மலம் இறுகுவதும், இரத்தப்போக்குத் தொடங்கிய அன்றே வயிறு இளகி இரண்டு மூன்று தடவை போவதும் பெண்களில் பலருக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் தாயும் மகளும்கூட இதைப் பற்றித் தமக்குள் கதைப்பது அரிது. மாதவிடாயைப் பற்றி வாய் திறப்பதே கூச்சமாக இருக்கும் வீட்டில், மலங்கழிப்பதையும் சேர்த்துச் சொல்லப் பிள்ளைக்கு எப்படி வாய் வரும்? வாய்வு என்று சொல்லி, வேர்க்கொம்பும் ஓமமும் அவித்துக் கொடுத்துவிட்டு அத்துடன் விட்டுவிடுகிறோம்.

இதற்கான காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. சூல்முட்டை வெளிவந்த பிறகு கூடுகின்ற புரொஜெஸ்ரரோன் என்ற ஹோர்மோன் தசைகளைத் தளர்த்தும் இயல்புள்ளது. அந்த நாட்களில் பலருக்கு ஏற்படும் மலச்சிக்கலுக்கும் பொருமலுக்கும் அது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மாதவிடாய் தொடங்கும்போது அந்த ஹோர்மோன் சட்டென்று குறைய, கருப்பையின் உட்சுவரிலிருந்து புரொஸ்ரகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, கருப்பையைச் சுருங்கவைத்து உதிரத்தை வெளியேற்றுகிறது. பக்கத்திலேயே இருக்கும் குடலின் தசைகளையும் அது தூண்டிவிடுவதால்தான் அடிவயிற்று நோவும் வயிற்றோட்டமும் ஒன்றாக வருகின்றன. வைத்தியர்கள் கொடுக்கும் மெபனமிக் அசிட், இபுபுறோபன் போன்ற மாத்திரைகள் இந்தப் பொருளின் சுரப்பைக் குறைப்பவை. அவற்றை வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது. வயிற்றுப்புண், இழுப்பு (ஆஸ்துமா), சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் எடுக்கவே கூடாது.

ஆசிரியையாக இருக்கும் நான் இதைப் பரீட்சை மண்டபத்தில் அடிக்கடி காண்கிறேன். வினாத்தாளைப் புரட்டாமல், ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு, வெளியே போகக் கேட்பதா விடுவதா என்று கண்காணிப்பாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை, நோவு மட்டுமல்ல, மலசலகூடத்தில் தண்ணீர் இருக்குமா என்ற யோசனையும் சேர்ந்தே வாட்டுகிறது. இது இயல்பானது, கேட்டுக்கொண்டு போகலாம் என்று எட்டாம் வகுப்பிலேயே நாம் சொல்லிவைத்திருந்தால் அந்தத் தயக்கத்தில் பாதியாவது குறைந்திருக்கும்.

எல்லாவற்றையும் இயல்பு என்று சொல்லித் தாங்கிக்கொள்ளவும் கூடாது. மாதவிடாய் நாட்களில் மலங்கழிக்கும்போது கடுமையாக நோவது, அந்த நாட்களில் மலத்தோடு இரத்தம் போவது, எழுந்து நடமாட முடியாத அளவுக்கு மாதந்தோறும் நோவது ஆகியவை எண்டோமெற்றியோசிஸ் என்ற நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். கருப்பையின் உட்சுவரை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சிலருக்குக் குடலின் மீதும் வளர்வதுதான் அந்த நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதமானோருக்கு அது இருக்கிறது. கலியாணம் கட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பிள்ளைகளின் நல்ல வயதை நாம் வீணாக்கிவிட்டோம்.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. மாதாமாதம் இவ்வளவு நோவைத் தாங்கிப் பழகியதாலோ என்னவோ, நோகாத இடத்தில் நோய் இருக்காது என்றும் நாம் நம்பிவிடுகிறோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அந்த நம்பிக்கைக்கு முற்றிலும் மாறானது. ஏறக்குறைய எல்லாச் சந்தர்ப்பங்களிலும், உடலுறவால் பரவும் எச்.பி.வி. என்ற வைரஸின் நீடித்த தொற்றே அதற்குக் காரணம். தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும். அந்த நீண்ட காலத்தில் நோவு இல்லை, பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லை. உடலுறவுக்குப் பின்னோ, மாதவிடாய் நின்ற பிறகோ இரத்தம் படும் நிலை வரும்போது பலருக்கு நோய் முற்றியிருக்கிறது. அந்த ஆண்டுகளுக்குள் கண்டுபிடித்துவிட்டால், மாறத் தொடங்கிய கலங்களை மட்டும் அகற்றிப் புற்றுநோய் வராமலே தடுத்துவிடலாம்.

இதற்காகவே இலங்கையில் 1996ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதிலும் 45 வயதிலும், கருப்பைக் கழுத்தின் கலங்களில் மாற்றம் உண்டா என்று பார்க்கும் பப் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள், காசு கேட்பதில்லை. இரத்த அழுத்தம், சீனி, மார்பகம் எல்லாவற்றையும் அங்கேயே பார்க்கிறார்கள். பரிசோதனையும் சில நிமிட அலுவல்தான். திரை மறைவில் கட்டிலில் படுக்கவைத்து, சிறு கருவியால் பிறப்புவழியை விரித்து, கருப்பைக் கழுத்தை மெல்லியதொரு கோலாலோ தூரிகையாலோ வழித்து எடுக்கிறார்கள். கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துப் போக வேண்டும்.

கணவரை இழந்தவர்களும் பிரிந்து வாழ்பவர்களும் இனி எனக்கு எதற்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். போருக்குப் பிந்திய எங்கள் மண்ணில் அப்படியானவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. இருபத்தைந்து வயதில் தொற்றிய வைரஸ் நாற்பத்தைந்தில் தன் வேலையைக் காட்டக்கூடும் என்பதால், இப்போது தனித்து வாழ்கிறோம் என்பது பரிசோதனையைத் தவிர்ப்பதற்குக் காரணமாகாது. அது நடத்தையைப் பற்றிய விசாரணையும் அல்ல. தாம்பத்திய வாழ்வு கண்ட ஆண், பெண் பெரும்பாலானோருக்கு எப்போதோ ஒருமுறை தொற்றி, பெரும்பாலும் தானாகவே போய்விடும் வைரஸ் இது. ஊர் என்ன நினைக்கும் என்று பயப்படும் தாய்மாருக்கு இதைக் குடும்பநல உத்தியோகத்தர் மட்டும் சொன்னால் போதாது, வீட்டிலுள்ள ஆண்களும் விளங்கிச் சொல்ல வேண்டும்.

2017ஆம் ஆண்டு முதல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். அதைப் போட்ட பிள்ளைகளும் பின்னாளில் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். அதேவேளை, பப் பரிசோதனை கருப்பைக் கழுத்தை மட்டுமே பார்க்கிறது; எண்டோமெற்றியோசிஸோ சூலகப் புற்றுநோயோ அதில் தெரியாது. மாதவிடாயோடு வந்து போகாமல் கிழமைக்கணக்காக நீடிக்கும் பொருமலும், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடுவதும் இருந்தால், பப் முடிவு நல்லதென்று ஆறுதலடையாமல் வைத்தியரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

கிளினிக் நாளை உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள். முடிவைத் தேடிப்போய் வாங்குங்கள். அதில் மாற்றம் என்று எழுதியிருந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அடுத்த பரிசோதனைக்கு வரச்சொல்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அதிபர்களிடமும் அலுவலகத் தலைவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: முப்பத்தைந்து வயது ஆசிரியையோ எழுதுநரோ கிளினிக்குக்குப் போக ஒரு காலைப்பொழுது விடுப்புக் கேட்டால், என்ன வருத்தம் என்று கேட்காமல் கொடுங்கள்.